பதினாறைக் கூப்பிடும்போது

எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்லிவிட மாட்டார்கள். "பாத்துக்கலாமுங்க" என்பார்கள். இன்னும் கொஞ்சம் பெரிய மனிதர் என்றால் "அதுக்கென்னங்க, பண்ணிப்போடலாமுங்க" என்பார். கேட்டவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். தனக்குக் கிடைத்தது மறுப்பு என்பது அவருக்கு ஒரு மாதம் கழித்துத்தான் உறைக்கும். கோபிசெட்டிபாளையத்தில் பிறந்து, கோயமுத்தூரில் வாழ்க்கைப்பட்டு, இந்த மரியாதையிலேயே ஊறிய எனக்கே அது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. போதாததற்கு எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த கோபத்தையும் 'ங்க' போட்டுத்தான் காட்ட வேண்டும்.

சத்தி ரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை நான். பள்ளிக்கு இங்கிலாந்தில் ஒரு கூட்டாளிப் பள்ளி உண்டு. அங்கே என்ன மாறினாலும் இங்கே ஒரு மாதத்தில் அதன் நிழல் விழும். அங்கே சீருடையில் டை வேண்டாம் என்றார்கள், இங்கே டை போனது. அங்கே பிள்ளைகள் கோழி வளர்த்தார்கள், இங்கேயும் கோழிக்கூண்டு வந்தது. கோழிகளைப் பள்ளிக் காவலாளி ஒரு தீபாவளிக்கு வீட்டுக்குக் கொண்டுபோனார் என்பது வேறு கதை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை மதியம், அந்தப் பள்ளியின் நான்காம் வகுப்பு ஆசிரியையோடு கணினித் திரையில் பேசுவது என் வேலைகளில் ஒன்று. எனக்கு அது மதியச் சோறு இறங்காத நேரம், அவருக்குக் காலைத் தேநீர் நேரம். வடக்கே ஒரு பழைய மில் ஊர்க்காரர். மில்லெல்லாம் மூடிப் பல காலம் ஆயிற்று என்றார். எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றேன், அதிலிருந்து நாங்கள் கொஞ்சம் நெருங்கிவிட்டோம். முதல் சில மாதம் அவர் பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவரும் அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருந்தாராம், பிறகு சொல்லிச் சிரித்தார்.

போன வருடம் முழுக்க அவர் பேச்செல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றித்தான். அவர்கள் நாட்டு அரசாங்கம் பள்ளிகளைச் சீர்திருத்தப் போகிறது. பேச்சு வராத, கூட்டம் தாங்காத, ஒரு இடத்தில் உட்கார முடியாத பிள்ளைகள் இனி தூரத்துச் சிறப்புப் பள்ளிகளுக்குப் போகாமல், கூடுமான வரை வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே மற்றவர்களோடு படிக்க வேண்டும் என்கிறார்கள். அதற்காகச் சாதாரணப் பள்ளிக்குள்ளேயே ஒரு தனி அறை, அந்தப் பிள்ளைகள் வந்து அமர்ந்து தேறிப்போக. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெற்றோர்கள் பயந்துபோயிருப்பதாகச் சொன்னார். பிள்ளைக்கு என்னென்ன உதவி தர வேண்டும் என்று சட்டப்படி எழுதிக் கொடுத்த உறுதி அவர்களிடம் இருக்கிறது, அதற்காக வருடக்கணக்கில் அலைந்தவர்கள் அவர்கள். சீர்திருத்தம் என்ற பேரில் அதைப் பிடுங்கிவிடுவார்களோ என்று தெருவில் நிற்கிறார்கள். ஆசிரியர்கள் வேறு கேட்கிறார்கள், பிள்ளைகளைக் கொடுப்பது சரி, கூடவே பார்த்துக்கொள்ள ஆள் கொடுப்பீர்களா என்று.

"எங்கள் ஓய்வறையில் இப்போது இதுதான் சண்டை" என்றார் ஒரு நாள். "பள்ளிக்குள் ஒரு தனி அறை என்றால், அந்தப் பிள்ளை உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?"

எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது. நம் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளையைப் பள்ளிக் கேட்டைத் தாண்டிக் கொண்டுவருவதற்கே தலையால் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது, இவர்கள் அறைக்கு உள்ளா வெளியா என்று அடித்துக்கொள்கிறார்களே என்று நினைத்தேன்.

அந்த ஜூனில்தான் அப்படி ஒரு பெண்குழந்தை என் வகுப்பில் சேர்ந்தாள்.

அவள் அப்பாவுக்குக் கணபதியில் சின்ன லேத் பட்டறை, மோட்டார் பம்புக்கான சாமான்களைக் கடைந்து கொடுக்கிறவர். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. சேர்க்கைக்கு வந்த அன்று கையில் கிரீஸ் கறையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அம்மா தண்ணீர்ப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் ஏறி இறங்கிய பள்ளிகளில் எல்லாம் "பாத்துச் சொல்றமுங்க" கிடைத்திருக்கிறது. எங்கள் பள்ளியில் அந்த வருடம் இங்கிலாந்துக் காற்று அடித்துக்கொண்டிருந்ததால் இடம் கிடைத்தது.

"ஏனுங்க மிஸ், என்ற பாப்பா பேசாதுங்க" என்றார் என்னிடம். "ஆனாக் கூப்பிட்டா பதில் சொல்லும். பட்டறைல மிசின் ஓடற சத்தத்துல ஆரைக் கூப்பிட்டாலும் கேக்காதுங்க. அதனால நாங்க தட்டித்தான் கூப்பிடறது. ஸ்பேனரால இரும்புல ரண்டு தட்டு தட்டுனா, எங்கிருக்கறேன்னு அர்த்தமுங்க. அவிங்க திருப்பி ரண்டு தட்டுனா, இங்கதான் இருக்கறேன்னு. அதைப் பாத்தே வளந்துருச்சுங்க இது."

"வேற எதாச்சும் நான் கவனிக்கணுமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "வேற ஒண்ணும் வேண்டாமுங்க. நெதமும் அட்டெண்டன்ஸ்ல அவளைக் கூப்பிட்டுருங்க. பதில் வல்லைன்னாலும் உட்டுப்போடாதீங்க. போன ஸ்கூல்ல, பேசாத புள்ளையை எதுக்குக் கூப்பிடறதுன்னு தாண்டிப் போயிட்டாங்களாமாங்க."

எங்கள் பள்ளியில் பெயர் சொல்லி எடுக்க மாட்டோம், எண்தான். அவள் எண் பதினாறு. கடைசிப் பெஞ்சில் பின்சுவரை ஒட்டி அவளே போய் உட்கார்ந்துகொண்டாள். முதல் நாள் பதினாறு என்றேன், பதிலில்லை. மறுபடி பதினாறு என்றேன். பிள்ளைகள் திரும்பிப் பார்த்துக் களுக்கென்று சிரித்தன. நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். காத்திருப்பது எனக்கு வராத கலை, ஆனாலும் அன்றைக்குக் காத்திருந்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள். நிதானமான, சரி அளவான தட்டு.

"வந்தாச்சுங்க மிஸ்" என்றாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமி, யாரும் கேட்காமலே.

அதற்குப் பிறகு அது வகுப்பின் வழக்கமாகிவிட்டது. பதினாறு என்றால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் காதைக் கொடுப்பார்கள். தட்டு வந்ததும் பதினேழுக்குப் போவேன். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பு தினம் ஒருமுறை முழு அமைதியாகும் ஒரே இடம் அதுதான். அவள் படித்தாளா என்று கேட்டால், கொஞ்சம் படித்தாள். கணக்கு வரும். சில நாள் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். சில நாள் காரணம் இல்லாமல் அழுவாள், அல்லது எனக்குத் தெரியாத காரணத்துக்காக. எனக்குக் கூடுதலாக ஒரு ஆள் தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை. பல நாள் மாலையில் தொண்டை கட்டி, தலை வலித்து, ஸ்கூட்டியை உதைக்கக்கூடத் தெம்பில்லாமல் போயிருக்கிறேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆடி மாதத்தில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பேச்சுக் கிளம்பியது. அந்தக் குழந்தைமேல் தங்களுக்கு ஒன்றும் இல்லை, பாவம்தான், ஆனால் தங்கள் பிள்ளைகளின் கவனம் சிதறுகிறது. ஒரு வரி விடாமல் மரியாதையாக எழுதியிருந்தார்கள். அந்த மரியாதையைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் தாளாளர் நூல்மில் குடும்பத்துக்காரர். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பும் உண்டு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்களைவிட வயதில் சின்ன ஆயாம்மாவையும் 'வாங்க போங்க' என்றுதான் அழைப்பார். ஒரு வெள்ளிக்கிழமை என்னோடு அவரும் திரையில் இங்கிலாந்துப் பள்ளி புதிதாக அமைத்த தனி அறையைப் பார்த்திருந்தார், வெளிர்நீலச் சுவர், தரையில் மெத்தை, மங்கலான விளக்கு. புதுக் கட்டடம் அப்போதுதான் முடிந்திருந்தது. அதில் ஓர் அறையை அதேபோல அமைத்துவிட்டார். சுவரில் மீன்கள்கூட வரைந்திருந்தார்கள். வாரத்தில் சில நாள் ஒரு பயிற்சியாளர் வருவார், மற்ற நேரமெல்லாம் ஆயாம்மா கூட இருப்பார்.

"பாப்பாவுக்கு அங்க நிம்மதியா இருக்குமுங்க டீச்சர்" என்றார் என்னிடம். "இங்க கூட்டத்துல அதுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். கொஞ்ச நாள் பாப்பமுங்க."

கொஞ்ச நாள் என்றதை நான் நம்பினேன். எனக்கும் அசதியாக இருந்தது.

அவளுக்குக் கூட்டம் ஆகாது என்று, மற்றவர்கள் வந்த பிறகு பக்கத்துக் கேட் வழியாக அவளைக் கூட்டிவருவார்கள். மற்றவர்கள் போகும் முன் கூட்டிப்போய்விடுவார்கள். சாப்பாடும் அங்கேயே. பிள்ளைகள் கண்ணில் அவள் படவே இல்லை. எங்கே போனாள் என்று கேட்டால், வேறு வகுப்பு என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள். பதிவேட்டில் அவள் எண்ணை அடித்துவிடச் சொன்னபோது, கொஞ்ச நாள்தானே, திரும்பி வந்தால் எண்ணெல்லாம் மாறிப்போகும் என்று சாக்குச் சொல்லி வைத்துக்கொண்டேன். ஆனால் கூப்பிடவில்லை. பதினைந்து என்பேன், நாக்கு ஒரு நொடி தடுக்கும், பதினேழு என்பேன்.

சில நாளில் அந்தத் தடுக்கலில் சத்தம் வர ஆரம்பித்தது.

டக், டக். பின்சுவர்ப் பக்கத்திலிருந்து. அதே நிதானம், அதே அளவு.

முதல் நாள் யாரோ விளையாடுகிறார்கள் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாள் பதினைந்து என்று சொல்லிவிட்டுச் சட்டென்று நிமிர்ந்து பின்பெஞ்சைப் பார்த்தேன். அவள் இருந்த இடம் காலி. பக்கத்துச் சிறுமி இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டக், டக்.

"ஆரு தட்டுனது?" என்றேன். கோபத்தில் எனக்கும் வகுப்பில் ஊர்ப் பேச்சுத்தான் வரும்.

"நாங்க இல்லீங்க மிஸ்."

"அப்ப சுவத்துக்குக் கை மொளச்சுதா?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சிறுமியை எழுப்பி முன்பெஞ்சுக்கு மாற்றினேன். அழுதுகொண்டே வந்தாள். மறுநாள் பின்பெஞ்சு முழுக்கவே காலி, ஆனாலும் தட்டு வந்தது. பட்டப்பகல், காலை வெயில் ஜன்னல் வழியாக அடிக்கிறது, கீழே மைதானத்தில் பி.டி. மாஸ்டரின் விசில் கேட்கிறது, நான் சாக்பீஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அன்று மதியம் அந்தச் சிறுமி என் மேஜைக்கு வந்தாள். "மிஸ், ஒண்ணு கேக்கட்டுங்களா? அவ செத்துப் போயிட்டாளுங்களா?"

"ஆரு சொன்னா உனக்கு?"

"ஆரும் சொல்லலீங்க. அவளைப் பத்திக் கேட்டா எல்லாரும் பேச்சை மாத்தறீங்க. எங்க மாமா செத்தப்பவும் எங்கூட்டுல அப்படித்தானுங்க பண்ணுனாங்க."

அவளைப் பக்கத்தில் இழுத்து, "அவ நல்லா இருக்கறா கண்ணு, புதுக் கட்டடத்துல இருக்கறா" என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. எனக்கும் வீட்டில் சாப்பிடும்போது, பாத்திரம் கழுவும்போது, எங்கே இரண்டு சத்தம் அடுத்தடுத்துக் கேட்டாலும் கை நின்றது. என் கணவர் மேஜையில் விரலால் தாளம் போடுகிறவர். ஒரு நாள் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

புதுக் கட்டடத்துக்குப் போக வேண்டுமென்றால் மாடி இறங்கி, மைதானத்தைச் சுற்றி, கேண்டீனைத் தாண்டி, அந்தப் பக்கப் படியேற வேண்டும். அதனால் அது ஏதோ தூரத்தில் இருப்பதாகவே எங்கள் எல்லோருக்கும் நினைப்பு. புரட்டாசியில் ஒரு காலை, தேர்வுத் தாள்களை அங்கே கொடுத்துவிட்டு வர வேண்டியிருந்தது. வகுப்புத் தலைவனிடம் பதிவேட்டைக் கொடுத்து, எண்களைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனேன். தாள்களைக் கொடுத்துவிட்டு அந்த வராந்தாவில் வரும்போது நீல அறையின் கதவு பாதி திறந்திருந்தது. ஆயாம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

உள்ளே அவள் நின்றுகொண்டிருந்தாள். மெத்தை, மீன்கள், எதையும் பார்க்காமல், அந்தப்பக்கச் சுவரில் காதை வைத்த மாதிரி. அந்தச் சுவருக்கு மேலே ஒரு பழைய வெண்டிலேட்டர். அதன் வழியாக ஒரு பையனின் குரல் தெளிவாகக் கேட்டது. பதின்மூன்று. ப்ரசண்ட். பதினான்கு. ப்ரசண்ட்.

அது என் வகுப்புத் தலைவனின் குரல்.

புதுக் கட்டடத்தைப் பழையதின் முதுகோடு ஒட்டித்தான் கட்டியிருக்கிறார்கள். எங்கள் பின்சுவரும் அவள் முன்சுவரும் ஒன்றேதான். நாங்கள் ஊரைச் சுற்றிப் போகிற இடம் அவளுக்கு ஒரு செங்கல் கனம்தான். பதினைந்து என்றான் பையன். ப்ரசண்ட். என்னைப் பார்த்துப் பழகியவன், அவனும் ஒரு நொடி தடுக்கினான். அவள் கையை உயர்த்தி முட்டியால் தட்டினாள். டக், டக். பிறகு திரும்பி வந்து மெத்தையில் உட்கார்ந்து, அன்றைய வேலை முடிந்தாற்போல் ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

யாரும் அவளைக் கூப்பிடவே இல்லை. தன் இடம் எது என்று தெரிந்து அவளாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், அத்தனை நாளும். வராந்தாவில் நின்று அழுதேன். ஆயாம்மா கீரையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

மறுநாள் காலை பதினைந்துக்குப் பிறகு வாய்விட்டுப் பதினாறு என்றேன். சுவர் பதில் சொன்னது. பிள்ளைகளிடம் உண்மையைச் சொன்னேன். அந்தச் சிறுமி எழுந்து போய்த் தன் பழைய இடத்தில் உட்கார்ந்து, சுவரில் திருப்பி இரண்டு தட்டுத் தட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி இரண்டு வந்தது. அன்றைக்கு வகுப்பு இருந்த இருப்பை நான் வேறு எந்த நாளும் பார்த்ததில்லை.

அன்றே தாளாளரிடம் போனேன். இங்கேதான் ஊர்ப் பழக்கம் என் காலை வாரிவிட்டது. பெரியவர்களிடம் இன்னது செய்யுங்கள் என்று நேராகக் கேட்பது எங்களில் வழக்கமில்லை. விஷயத்தைச் சொல்ல வேண்டும், கேட்கிறவர் மனதறிந்து செய்ய வேண்டும், அதுதான் இருவருக்கும் மரியாதை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுவரோரம் வந்து நிற்பதை, எண்ணுக்குக் காத்திருப்பதை, தட்டு எங்கள் வகுப்பில் தெளிவாகக் கேட்பதை. "அந்தப் புள்ள இன்னும் எங்க கிளாஸ்லதானுங்க இருக்குது" என்றேன். அவளைத் திருப்பி அனுப்புங்கள் என்ற ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டேன். இவ்வளவு கேட்டவருக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன.

அவர் முழுக்கக் கேட்டார். கண்கள் கலங்கினாற்போல்கூட இருந்தது. "நல்லதுங்க டீச்சர், நல்ல வேளை சொன்னீங்க. ஆயுத பூசை லீவுக்குள்ள பண்ணிப்போடலாமுங்க."

ஆயுத பூசையன்று அவள் அப்பா பட்டறைக்கு அழைத்திருந்தார். லேத்துக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. மிசின்கள் நிற்கும் நாள் அது ஒன்றுதான். அந்த நிசப்தத்தில் அவள் ஒரு மூலையில் பொரி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா பூசையை முடித்துவிட்டு, ஸ்பேனரை எடுத்து லேத்தின்மேல் இரண்டு தட்டுத் தட்டினார். அவள் தலையைத் தூக்காமலே பக்கத்திலிருந்த இரும்புக்குழாயில் இரண்டு தட்டினாள். அம்மா சிரித்தாள், அந்த அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"லீவு முடிஞ்சு வந்தா பாப்பா மறுக்கா எங்க கிளாஸ்லதானுங்க" என்று சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அதை ஏற்றுக்கொண்டு, கொடுத்த பொரிகடலையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

விடுமுறை முடிந்த முதல் நாள், பதினாறு என்றேன். பிள்ளைகள் காதைக் கொடுத்தார்கள். ஒன்றும் இல்லை. இன்றைக்கு நேராக வகுப்புக்கே வரப்போகிறாள் போலும் என்று வாசலைப் பார்த்தேன். அந்தச் சிறுமி சுவரில் தட்டினாள். தட்டு, அரிசி மூட்டையில் அடித்தாற்போல, போன இடத்திலேயே செத்தது. நான் மேலே பார்த்தேன். வெண்டிலேட்டர் இருந்த இடத்தில் செங்கல் வைத்துப் பூசியிருந்தார்கள். பூச்சு இன்னும் ஈரம் காயவில்லை.

இடைவேளையில் ஓடினேன். நீல அறையின் சுவர்கள் நான்கிலும், மீன்கள் இருந்த இடம் உட்பட, கனத்த ஃபோம் ஒட்டியிருந்தது. சினிமா தியேட்டர் சுவர் மாதிரி. இங்கிலாந்துப் பள்ளியின் அறையில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்த அதே சாம்பல் நிறம்.

"நீங்கதானுங்க டீச்சர் சொன்னீங்க, சத்தம் அக்கட்டால கேக்குதுன்னு" என்றார் தாளாளர். "லீவுல ஆளுங்க கெடைக்கறதே சிரமம். நம்ம மில் ஆளுங்களையே வரச்சொல்லி முடிச்சுப்போட்டனுங்க. இனி உங்க கிளாஸுக்கும் தொந்தரவில்லை, பாப்பாவும் நிம்மதியா இருக்கும்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அவருக்குப் புரியாமல் செய்தாரா, புரிந்துதான் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் முகத்தில் இருந்தது நல்லது செய்த மனிதனின் முகம். இந்த முறை நேராகக் கேட்டேன். மரியாதையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, "அவளை என்ற கிளாஸுக்குத் திருப்பித் தாட்டியுடுங்க" என்றேன். என் குரல் வெளியே வராந்தா வரை கேட்டதாக அப்புறம் சொன்னார்கள்.

"பாப்பமுங்க டீச்சர்" என்றார் அவர், எழுந்து நின்று, கதவுவரை வந்து.

அந்த வெள்ளிக்கிழமை இங்கிலாந்து ஆசிரியையிடம் சொன்னேன். அவர் தேநீரைக் குடிக்கவே இல்லை. கோப்பை கையிலேயே இருந்தது. பிறகு, தங்கள் பள்ளியில் அந்த அறைக்குக் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்றார். பிள்ளைகளின் இடம் வகுப்பில்தான். சத்தம் தாங்க முடியாதபோது மட்டும் அவர்களாக எழுந்து அங்கே போவார்கள், தேறியதும் அவர்களாகவே திரும்பி வருவார்கள். "வகுப்பின் சத்தம் குழந்தையைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றுதான் அந்த ஃபோம்" என்றார். "எல்லாப் பள்ளிகளிலும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லமாட்டேன். அதற்குத்தான் இங்கே பெற்றோர்கள் பயப்படுகிறார்கள்." உள்ளேயா வெளியேயா என்று அவர்கள் அடித்துக்கொண்டதைப் பார்த்துச் சிரித்தவள் நான்.

அவள் அப்பாவிடமும் நானே சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றார். லேத் ஓடிக்கொண்டிருந்ததால் நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது, அந்தக் கொடுமை வேறு. "பரவால்லீங்க மிஸ்" என்றார். "வேற ஸ்கூலுக்கு எங்கீங்க போறது. நீங்க கூப்பிடறதை மட்டும் நிறுத்திப்போடாதீங்க."

நிறுத்தவில்லை. இப்போது தை பிறந்துவிட்டது. தாளாளரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன், அவரும் சலிக்காமல் பாப்பமுங்க என்கிறார். தினமும் பதினாறு என்று கூப்பிடுகிறேன், பேனாவை மூடிவைத்துக் காத்திருக்கிறேன். பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள். பதில் வராது என்று எல்லோருக்கும் தெரியும். அவள் மறந்துபோயிருப்பாள், மெத்தையில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி மறந்திருந்தால் நல்லது என்றுகூட ஒரு நாள் வேண்டிக்கொண்டேன்.

போன வாரம் ஆயாம்மாவைத் தண்ணீர்த் தொட்டியருகே பார்த்தேன். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தேன்.

"இருக்குதுங்க மிஸ். காத்தால மணி அடிச்சா நேரா அந்தச் சுவத்துகிட்டப் போய் நின்னுக்குதுங்க. இப்ப அக்கட்டால நீங்க கூப்பிடறது அதுக்குக் கேக்கறதில்லீங்களே, தன்ற நம்பரு எப்ப வருதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றவர், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். "அதனால மணி அடிச்சதுலருந்து அந்தப் பஞ்சு மேலயே தட்டிக்கிட்டே இருக்குதுங்க. நான் போய்க் கையைப் புடிச்சு உக்கார வெக்கற வரைக்கும் நிறுத்தறதில்லீங்க."